தலையாட்டிய பெண்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். உன் முட்டிவலி தேவலையா? இந்த மருத்துவமனையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்த நர்ஸுகள் பதினொரு பேர். புது நாட்டில் பழகுவது எப்படி என்று நாம் நடத்தும் பாடத்தில் கைகுலுக்குவதும் கண்ணைப் பார்த்துப் பேசுவதும்தான் இருக்கிறது. இவர்களோ எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறார்கள். புரிந்துதானா என்று தெரியவில்லை. இரண்டு நாள் இவர்களோடு வார்டில் இருந்து, என்ன தேவை என்று கேட்டுப் பாடத்தை மாற்றட்டுமா?

உன் தங்கை

மார்ச் 9

என் குட்டிக்கு,

முட்டி படியைக் கண்டால் மட்டும் சண்டைக்கு வருகிறது. இதே பாடத்தை முப்பது இடங்களில் நடத்தியாயிற்று, யாரும் குறை சொன்னதில்லை. இரண்டு நாள் தள்ளினால் அடுத்த வகுப்பும் தள்ளிப்போகும். உள்ளதை நடத்திவிட்டு வா, ஆற அமரப் பேசலாம். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

வகுப்பு முடிந்தது. பதினொரு பேரும் ‘மிக நன்று’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அது முடிந்த பத்தாம் நாள், அவர்களில் இளையவளிடம் டாக்டர் மருந்தின் அளவைச் சொல்லி, புரிந்ததா என்று கேட்டிருக்கிறார். தலையாட்டியிருக்கிறாள். ஊசியில் இரு மடங்கு போய்விட்டது. நோயாளி மறுநாள் இறந்துவிட்டார். அவளை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவள் அறைக்குப் போயிருந்தேன்.

“பெரியவங்ககிட்ட திருப்பிக் கேக்குறது எங்க ஊர்ல மரியாதை இல்ல. இங்க கேக்கலாம்னு யாரும் சொல்லலையே” என்றாள். குரலில் கோபமே இல்லை.

தங்கை

ஏப்ரல் 10

குட்டி,

தப்பு என்னுடையது. நானே அங்கே போய், மீதிப் பத்துப் பேரோடு இரண்டு நாள் வார்டில் இருந்துவிட்டு வந்தேன். நீ அவளோடு இருந்ததால் உன்னைத் தொந்தரவு செய்யவில்லை. ஒருத்திதான் வாய் திறந்தாள். “புரியலைன்னு சொன்னா எங்களையும் அனுப்பிடுவாங்களா?” என்றாள். அந்தக் கேள்வியிலிருந்தே புதுப் பாடம் எழுதுகிறேன். நீயும் கூட இருந்தால் நன்றாக இருக்கும். வந்துவிடம்மா.

அக்கா

மே 6

அக்காவுக்கு,

வேலை போன அந்தப் பெண்ணை நேற்று அவள் ஊருக்கு விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். நீ அனுப்பிய புதுப் பாடத்தைப் படித்தேன். நன்றாக வந்திருக்கிறது, நீயே நடத்து. உன்மேல் கோபம் என்று நினைக்காதே. ‘உள்ளதை நடத்து’ என்ற உன் கடிதம் வந்த அன்று எனக்கு உள்ளூர நிம்மதியாகத்தான் இருந்தது, இரண்டு நாள் வேலை மிச்சம் என்று. அதை உன்னிடம் சொல்ல இத்தனை நாளாயிற்று. இனி யாருக்கும் வகுப்பெடுக்க என்னால் ஆகாது. வேறு வேலை தேடிக்கொள்கிறேன். நம் அலுவலகச் சாவியை இதனுடன் அனுப்பியிருக்கிறேன்.

தங்கை