தண்ணீருக்குள் கத்தியவளுக்கு

இன்று காலை அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஈரப் பித்தளையும் புளியும் கலந்த வாசம் எழுந்ததும் உன் வீட்டுப் பின்கட்டு கண்முன் வந்து நின்றது. கை ஓடவில்லை.

நமக்கு அப்போது பதினான்கு வயது. மதுரையில் ஒரே சந்து, ஒரே வகுப்பு. பேரையூரில் உனக்கு மாப்பிள்ளை பேசி முடித்த வாரத்திலிருந்தே உன் கை நடுங்கத் தொடங்கியது. சோறு இறங்கவில்லை. நகத்தை ரத்தம் கசியும்வரை கடித்தாய். "கல்யாணப் பொண்ணுக்கு அம்புட்டு வெக்கம்" என்று உன் அம்மா எல்லோரிடமும் சிரித்தபடி சொன்னார்.

ஒரு மத்தியானம் உன்னைத் தேடி வந்தேன். நிறைந்த அண்டாவுக்குள் முகத்தை முக்கிக்கொண்டு நின்றாய். பதறிப்போய்த் தோளைப் பிடித்து இழுத்தேன்.

"சாகலடி, கத்துறேன்" என்றாய், மூச்சு வாங்க. "தண்ணிக்குள்ள கத்துனா வெளிய கேக்காது. நீயும் கத்திப் பாரு."

கத்தினேன். காதெல்லாம் குமிழிச் சத்தம். நிமிர்ந்தபோது நீ சிரித்துக்கொண்டிருந்தாய். அன்று கொஞ்சம் சோறும் தின்றாய்.

அந்தத் தைரியத்தில் உன் அம்மாவிடம் போனேன். "அத்தை, அவ ரொம்பப் பயப்படுறா."

"எந்தப் பொண்ணுதான் பயப்படல? போகப் போகச் சரியாப்போகும்."

தையில் கல்யாணம் முடிந்து போனவள், ஆடிக்கு வந்தாய். உதடு வெடித்து, கழுத்தெலும்பு துருத்தியிருந்தது. இப்போதும் கத்துகிறாயா என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஒரு குடம் தண்ணிக்கே எம்புட்டுத் தூரம் நடக்கணும் தெரியுமா? முகத்த முக்க எங்கடி போக?"

"அப்ப என்ன செய்யிற?"

"சும்மா இருக்கேன்."

அதைச் சொன்னபோது உன் கை நடுங்கவில்லை. நகங்கள்கூட வளர்ந்திருந்தன. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. வண்டி ஏறும்போது "வாரேன்" என்றாய்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு, நாலு நாளில் போய்விட்டாய் என்று சேதி வந்தது. பேரையூருக்கு ஓடிப்போனபோது உன் மாமியார் வாசலில் உட்கார்ந்து, "கஞ்சி வேணாம்னா, மருந்து வேணாம்னா. வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லலையே. நல்லாத்தான இருந்தா!" என்று அழுதார். பொய்யாக அழவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

இப்போது நான் பெண்கள் பள்ளியில் வாத்தியாரம்மா. பரீட்சைக்கும் கல்யாணப் பேச்சுக்கும் நடுங்கும் பெண்களைத் தினமும் கவனித்துக்கொண்டே இருக்கிறேன். திடீரென்று நடுக்கம் நின்றவளைக் கண்டால், அவளைக் கவனியுங்கள் என்று வீட்டுக்கே போய்ச் சொல்கிறேன். "எம்மகளுக்கு என்ன டீச்சர், நல்லாத்தான இருக்கா" என்கிறார்கள். அதை நான் ஒருநாளும் நம்பியதில்லை. நான் நம்பாததால் எந்தக் கல்யாணமும் நின்றதில்லை.