இருபது என்று எழுதிய கை

அன்பு மகள் தியாமிகேவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் மலேரியா எதுவும் அண்டாமல் இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். தலைநகர் லிலோங்வேயிலிருந்து நீ அனுப்பிய கணக்குத் தாள் கிடைத்தது. இருபது வயதுக்குள் பிள்ளை பெறுகிற பெண்கள் நாட்டில் குறைந்துகொண்டே வருவதாக உங்கள் கணக்கெடுப்பு ஆபீசில் வரைந்த கோட்டைப் பார்த்தேன். நம் ஏரிக்கரைப் பக்கம் கடைசி ஐந்து வருடத்தில் அது சரசரவென்று இறங்குகிறதென்று சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தாய். "எங்கம்மா அந்தக் காலத்துலயே இருபது வயசுலதான் என்னைப் பெத்தாங்க" என்று ஆபீசில் பெருமை பேசியதாகவும் எழுதியிருந்தாய். சோளக்களியை மூடி வைத்துவிட்டு அந்த வரியை மறுபடி படித்தேன்.

அந்தக் கோட்டை இறக்கிய கைகளில் என் கையும் ஒன்று மகளே. ஐந்து வருடத்துக்கு முன் ஊர்த்தலைவர் ஒரு சட்டம் போட்டார், பதினெட்டு ஆகாத பெண் கர்ப்பமானால் இரண்டு வீட்டாரும் ஆளுக்கோர் ஆடு அபராதம் கட்ட வேண்டும் என்று. நல்லதுக்குத்தான் போட்டார். பிரசவ விடுதியில் பேரும் வயதும் எழுதுகிறவள் நான், அன்றிலிருந்து என்னிடம் வருகிறவள் எல்லாம் இருபது. பதினெட்டு என்றால் துருவிக் கேட்பார்களாம், அதனால் இருபது. பள்ளிக்கூடச் சட்டையை மாற்றாமல் வந்து நின்றவளுக்கும் இருபது. "எழுதிடு அக்கா, உனக்கென்ன, ஆடு எங்க வீட்டு ஆடு" என்பார்கள், நானும் எழுதிவிடுவேன். சின்ன வயதுப் பிரசவமே இல்லாத விடுதி என்று போன வருடம் எங்களுக்கு ஆளுக்கொரு சிதெஞ்சே துணி பரிசு கொடுத்தார்கள். அதை இடுப்பில் சுற்றிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உன் தங்கை ஃபலேசி அவள் புருஷன் வைசன் வீட்டில் இருப்பது உனக்குத் தெரியும். அவள் கர்ப்பமென்று வந்து நின்றபோது அவள் பிரசவக் கையேட்டிலும் நானே இருபது என்று எழுதினேன் என்பது தெரியாது. ஆட்டை நினைத்தும் ஊர் வாயை நினைத்தும் எழுதினேன். குழந்தைக்கு இப்போது ஏழு மாதம். போன வாரம் தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்து, "அம்மா, என்னைத் திரும்பப் பள்ளிக்கூடத்துல சேத்து விடு" என்று அழுதாள். தலைமையாசிரியையிடம் போனேன். "சின்னப் பிள்ளைன்னா அந்த வீட்டுல இருந்து நானே கூட்டிட்டு வருவேன், இவ கையேட்டுல இருபதுன்னு இருக்கே, நான் எப்படிக் கை வைக்கிறது" என்றார். வைசனின் அம்மாவிடம் போனால் அவள் ஃபலேசியின் கையேட்டை விரித்து என் முகத்துக்கு நேரே நீட்டுகிறாள். "இது உங்க கையெழுத்துதானே சம்பந்தி? இருபதுன்னு எழுதிக் கொடுத்துட்டு இப்ப பச்சப்புள்ளைன்னா எப்படி? எனக்கு மாவு இடிக்க ஆள் வேண்டாமா?" என்றாள். பிள்ளையைக் கொண்டுபோய்க் கட்டிக் கொடுத்ததே என் பேனாதான்.

நேற்று விடுதிப் பேரேட்டில் ஃபலேசியின் இருபதை அடித்துப் பதினைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆடு போனால் போகட்டும். அதற்கு மேலே இருந்த பெயரையும் பார்த்தேன், அவளும் எனக்குத் தெரிந்தவள்தான், பதினாறு. அவளையும் திருத்தினேன். ஐந்து வருடப் பக்கங்களையும் திருத்தப் போகிறேன். பெரிய நர்ஸ் பார்த்துவிட்டு, "எனெலெசி, உன் வேலையும் போகும், எங்க பேரும் போகும்" என்று கத்தினார். போகட்டும். உன் கோடு இனி ஏறும் தியாமிகே, பதறாதே, அது இறங்கவே இல்லை.

உன்னையும் மாப்பிள்ளையையும் ஆண்டவர் காக்கட்டும், உன் கை தொட்டதெல்லாம் விளங்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே. ஃபலேசி பிறந்த அன்று மழையில் ஓடிப்போய் மருத்துவச்சியைக் கூட்டி வந்தவள் நீ, உனக்கு அது எட்டாம் வகுப்புப் பரீட்சை வருடம். அவள் பிறந்தது அந்த வருடம்தான் என்று குறித்து, தலைமையாசிரியை பேருக்கு ஒரு சாட்சிக் கடிதம் உடனே அனுப்பு. ஆபீசில் இனி என் வயதைப் பேசினால் சரியாகச் சொல்.

இப்படிக்கு,
உன்னைப் பதினைந்து வயதில் பெற்ற அம்மா,
எனெலெசி