முதலாளியம்மாவின் வியாழக்கிழமை

மடாடேனி,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் நொக்வாண்டாவுக்கு,

இங்கே நானும் உன் தம்பியும் சுகம், என் முட்டிவலியும் ஒரு குறையில்லாமல் சுகமாகவே இருக்கிறது. பிரிட்டோரியாவில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி எழுதுகிறேன். மழை நன்றாகப் பெய்தது, சமையலறைக் கூரை ஒழுகுகிறது. தம்பி தினமும் காலையில் எங்கள் தையல் ஆலை வாசலில், வேலைக்குக் கூப்பிடுவார்களா என்று மற்ற பையன்களோடு நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறான். அவனைப் போனில் திட்டாதே, இரண்டு நாளைக்கு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்கிறான்.

வியாழக்கிழமை எங்கள் தொழிலாளர் துறையிலிருந்து கூலிச் சோதனைக்கு ஆட்கள் வருவார்கள், அம்மா வேலை செய்யும் இடம் என்பதால் நான் வரக்கூடாது, உள்ளதைச் சொல்லுங்கள் என்றாயே, அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. உனக்குத் தெரியாததும் இருக்கிறது. சட்டம் சொல்லும் கூலி கட்டுப்படியாகாது, மெஷின்களைக் கூலி குறைந்த பக்கத்து நாடு லெசோத்தோவுக்கு ஏற்றிவிடுவேன் என்று மிரட்டிக்கொண்டிருந்த மேலாளர், ஒருநாள் எங்களை முற்றத்தில் நிறுத்தி, எல்லோரும் கூட்டுறவுச் சங்கமாகிவிடுங்கள், ஆளுக்கொரு பங்கு, நீங்களே முதலாளிகள், முதலாளிக்குக் கூலிச் சட்டம் கிடையாது என்றார். வேலை போகாமல் இருந்தால் சரி என்று கையெழுத்துப் போட்டோம். வயதும் வாயும் அதிகம் என்று என்னைத் தலைவியாக்கினார்கள். காலையில் நான் ஆலை வேனில் ஏறினாலே, எப்போதும் என் பக்கத்தில் உட்காரும் மாசுங்கு, "முதலாளியம்மா வர்றாங்க, நகந்து உக்காருங்கடி" என்பாள். வேனே சிரிக்கும், நானும் சிரிப்பேன்.

போன மாதம் தெம்பிலேயின் விரலில் ஊசி ஏறி உள்ளேயே முறிந்துவிட்டது. சின்னப் பெண், கைக்குழந்தைக்காரி. விடுப்புச் சம்பளம் கேட்கப் போனவளிடம், "முதலாளிக்கு யாரும்மா லீவு சம்பளம் குடுப்பா? போய் உங்க தலைவியக் கேளு" என்றிருக்கிறார்கள். கட்டுப் போட்ட கையோடு என் முன்னால் வந்து நின்றாள். நான் என்னத்தைச் சொல்ல, என் சோளக்களியில் பாதியைக் கொடுத்து அனுப்பினேன். வெட்கமாக இருந்தது மகளே.

நேற்று, அடக்கச் செலவுக்குக் காசு சேர்க்கும் எங்கள் சாவுச் சங்கம் கூடியபோது இதே பேச்சுதான். மாசுங்கு எழுந்து நின்றே கத்தினாள். "உங்க பொண்ணுக்கென்ன மாகுமேடே, மாசம் பொறந்தா சம்பளம். கூலிய ஏத்திட்டு அவ போயிடுவா, அத வாங்க நமக்கு ஆலை இருக்குமா? கொறச்ச கூலின்னாலும் என் வீட்டு ஏழு தட்டுலயும் ஏதோ விழுதுல்ல!" தெம்பிலே தலை நிமிராமல், "இப்பிடியே ஒத்துக்கிட்டா நாளைக்கு வாசல்ல நிக்கிற பயலுகளுக்கும் இதானக்கா வெல" என்றாள். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது, அதுதான் என் கஷ்டம்.

கூலி ஏறினால் மொத்தத்தில் வேலை அப்படியொன்றும் குறைவதில்லை, பல ஊர்களில் கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று நீ சொன்னாய். இருக்கலாம். எங்கள் கையில் காசு இருந்தால் கடைக்காரனுக்கும் ஓட்டம் இருக்கும், அதுவும் புரிகிறது. ஆனால் உன் மொத்தத்தில் விட்டுப்போகிற அந்தச் சிலபேர் உனக்கு யாரோ. எனக்கு அவர்கள் பேர் தெரியும், வீடு தெரியும்.

வியாழக்கிழமை தலைவியைத்தான் முதலில் கேட்பார்கள். நான் முதலாளி இல்லை, கூலிக்குத் தைக்கிறவள் என்று சொல்லப்போகிறேன். உனக்காக இல்லை, தெம்பிலேக்காக. மறைத்துச் செய்யப் பிடிக்காமல் மாசுங்குவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். இன்று சர்ச்சில் என் பக்கத்தில் உட்காராமல் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். இருபது வருடத்தில் இப்படி நடந்ததில்லை. அழுதுவிட்டேன்.

பிரிட்டோரியா வேன்காரரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். ஆண்டவனும் நம் முன்னோர்களும் உனக்குத் துணையிருக்கட்டும், குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. வியாழக்கிழமை நீ வரக்கூடாது, சரி. வியாழன் ராத்திரி வண்டியேறி வந்துவிடு. வெள்ளிக்கிழமை காலையிலும் நான் அதே ஆலை வேனில்தான் போயாக வேண்டும், என் பக்கத்து இடம் காலியாகத்தான் இருக்கும்.

உன் அம்மா,
மாகுமேடே