கரி பிடிக்கிற நேரம்

1945 ஆகஸ்ட் 15, புதன்

எல்லாம் நான் சொன்னபடியேதான் நடந்திருக்கிறது. ஜப்பான்காரன் கையைத் தூக்கிவிட்டான். யுத்தம் மாதா திருநாளன்று முடியும் என்று தை மாதமே டிரைவர் கண்ணையனிடம் சொல்லியிருந்தேன். அவன் என்னவோ, "ஈஸ்டருக்கு முடியும்னுதானே சொன்னீங்க கண்டக்டரே, அதுக்கு முன்னாடி கிறிஸ்துமஸுக்கு முடியும்னீங்க" என்கிறான். டிரைவருக்கு ரோடு ஞாபகம் இருந்தால் போதும், மற்றதெல்லாம் எதற்கு?

பெரம்பலூரிலிருந்து அரியலூர் வருவதற்குள் பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் சேதி சொல்லிவிட்டேன். குன்னத்தில் ஏறியவர்களுக்குத் தனியாக இன்னொரு தரம், கொஞ்சம் விரிவாக.

வீட்டில் மட்டும் சத்தமில்லை. லீலா மேரி விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்று, "அப்ப அவரு எப்ப வருவாரு மாமா?" என்றாள்.

"ரயில் கிடைக்கிற நேரந்தான்" என்றேன்.

1945 ஆகஸ்ட் 19, ஞாயிறு

இந்த நோட்டைப் பிற்காலத்தில் பெரியவர்கள் யாராவது படித்தால் விளங்க வேண்டுமே. ஆகையால் எழுதி வைக்கிறேன்.

லீலா மேரி என் அக்காள் மகள். தாய் தகப்பன் இல்லை. என் வீட்டில், என் சம்சாரம் அற்புதம்மாள் கையில் வளர்ந்தவள். வரதராசன்பேட்டை ஞானமுத்துவுக்குக் கொடுத்தோம். கலியாணமான ஏழாம் மாதம் அவன் பட்டாளத்து லாரி ஓட்ட மலேயா போனான். சிங்கப்பூர் விழுந்த பிறகு கடுதாசி இல்லை. மூன்றரை வருஷம்.

நான் நாலாம் கிளாஸ். ஆனால் பி.ஏ. படித்தவர்களும் என்னிடம் யோசனை கேட்டுத்தான் பஸ்ஸை விட்டு இறங்குகிறார்கள்.

1945 ஆகஸ்ட் 22

என் வழக்கத்தைப் பற்றி இன்று பஸ்ஸில் ஒரு வக்கீல் குமாஸ்தா கேட்டார். வேலைக்காரனுக்கு ஜெபம் பண்ண, தியானம் பண்ண ஏது நேரம் என்று அலுத்துக்கொண்டார். சொன்னேன்.

பெட்ரோல் கிடைக்காததால் எங்கள் பஸ் கரியில் ஓடுகிறது. பின்னால் ஓர் இரும்பு டிரம். அதில் அடுப்புக்கரியைக் கொட்டி நெருப்பு வைத்து, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்று ஊதவேண்டும். கரி பிடித்து வண்டி உயிர் பெற இருபது நிமிஷம். கிளீனர் பட்டாளத்துக்குப் போன பிறகு அந்த வேலையும் என்னுடையதுதான். மற்ற கண்டக்டர்கள் சுற்றும்போது முதலாளியைத் திட்டுவார்கள். நான் திட்டுவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, நடக்கவேண்டியதை நடந்துவிட்டதாகவே பார்ப்பேன். கேட்கக் கூடாது, பார்க்கவேண்டும். கேட்கிறவன் பிச்சைக்காரன், பார்க்கிறவன் வீட்டுக்காரன். இந்த வேலையே எனக்கு அப்படித்தான் கிடைத்தது. கல்லங்குறிச்சித் தேருக்கு மழை விட்டதும் அப்படித்தான். (பெருமாளும் கொஞ்சம் உதவியிருக்கலாம்.)

சாயங்காலம் இன்னொன்று. கைக்கரியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவும்போது ஆத்தும சோதனை. பங்குச் சாமியார் தினமும் முழங்காலில் நின்று செய்யச் சொன்னார். எனக்கு முழங்கால் வலி. ஆகவே கழுவுகிற நேரத்துக்குள், இன்றைக்கு யாரிடம் கத்தினேன், எத்தனை பொய் சொன்னேன் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். கரி போகவும் கணக்கு முடியவும் சரியாக இருக்கும்.

"இதுக்குப் பணம் காசு வேணாமா?" என்றார் குமாஸ்தா.

"கரி மட்டும் வேணும்" என்றேன். பஸ்ஸே சிரித்தது.

ஆறு மாதமாகக் காலையில் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. அரியலூர் ஸ்டேஷன். ரயில் நிற்கிறது. ஞானமுத்து தகரப் பெட்டியோடு இறங்குகிறான்.

1945 செப்டம்பர் 2

இன்று: பொய் இரண்டு. கோபம் ஒன்று, அற்புதத்திடம். குழம்பில் உப்பில்லை என்றேன். உண்மையில் உப்பு இருந்தது.

1945 செப்டம்பர் 10, திங்கள்

நாலு மணி ரயிலில் பட்டாளத்து உடுப்போடு ஒருவன் இறங்கினான். யாரோ லீலாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். தலைமுடியைக்கூட முடியாமல் ஓடியிருக்கிறாள். ஸ்டேஷன் வாசலில் பஸ்ஸில் ஜனங்களை ஏற்றிக்கொண்டிருந்த நான் பார்த்தேன். கிட்டே போய்விட்டாள். அவன் பெட்டியில் கைவைத்துவிட்டாள். அவன் திரும்பினான்.

உடையார்பாளையத்து ஆளாம். பாவம், அவனே பயந்துபோனான்.

1945 செப்டம்பர் 13

மூன்று நாளாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். கஞ்சி அப்படியே இருக்கிறது. அற்புதம் என்னைப் பார்க்கிறாள், நான் ஏதோ டாக்டர் மாதிரி.

1945 செப்டம்பர் 14, வெள்ளி

ஆச்சரியம்! இன்று பெரம்பலூர் டிரிப்பில் ஒரு சிப்பாய். தஞ்சாவூர்ப் பையன். நெற்றியில் வெட்டுத் தழும்பு, கையில் வெள்ளி வளையம். பேச்சுவாக்கில் சொல்கிறான், ஆடி மாதம் ரங்கூனில் ஞானமுத்து என்று ஒரு லாரிக்காரரைப் பார்த்தானாம். வரதராசன்பேட்டை என்று சொன்னாராம். இளைத்திருக்கிறாராம், ஆனால் சௌக்கியமாம். கப்பலுக்குக் காத்திருக்கிறாராம்.

வந்ததும் லீலாவிடம் சொன்னேன். எழுந்து உட்கார்ந்தாள். "என்னயப் பத்தி எதாச்சும் கேட்டாரா மாமா?" என்றாள்.

"வேற எதைப் பத்திக் கேப்பான்?"

இரண்டு கரண்டி சோறு அதிகமாகவே சாப்பிட்டாள்.

இன்றைய ஆத்தும சோதனை: கரி சரியாகப் போகவில்லை. நாளை.

1945 அக்டோபர் 12

லீலா தினமும் நாலு மணி ரயிலுக்குப் போகிறாள். தலைவாரி, பூ வைத்து, வேலைக்குப் போகிற மாதிரி போகிறாள். சிரிக்கிறாள். என் வழக்கத்தையும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஸ்டேஷன் நடக்கிற பத்து நிமிஷமும், வந்தாச்சு வந்தாச்சு என்று பார்த்துக்கொண்டே நடக்கிறாளாம்.

அற்புதம் இன்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "அந்தச் சிப்பாய் போன மாசம் தஞ்சாவூர்க்காரன். நேத்து பக்கத்து வூட்டுல சொல்றப்ப மதுரைக்காரனா ஆயிட்டானே, எப்ப குடி மாறுனான்?" என்றாள்.

நான் டிக்கெட் கட்டைச் சரிபார்த்தேன்.

1946 ஜனவரி 14, திங்கள்

திருச்சியில் கன்னியர் மடம் நடத்துகிற டிரெய்னிங் பள்ளிக்கூடத்திலிருந்து லீலாவுக்குக் கடிதம். எட்டாம் கிளாஸில் நல்ல மார்க்கு என்று பழைய டீச்சரம்மா சிபாரிசு செய்திருக்கிறார். இரண்டு வருஷம் படித்தால் வாத்தியாரம்மா. சாப்பாடு, தங்கல் எல்லாம் அங்கேயே. ஆனியில் சேரவேண்டும்.

கடிதத்தை மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டாள்.

"போயேன் புள்ள" என்றாள் அற்புதம்.

"அவரு வந்து எறங்குறப்ப நான் திருச்சியில இருக்கறதா? நல்லா இருக்கே அத்தை! பாத்தவங்களே சொல்லியிருக்காங்க, வந்துருவாரு."

அற்புதம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத என் நாலாம் கிளாஸ் போதாது.

1946 ஜனவரி 15

சிப்பாய் என்று யாரும் இல்லை.

1946 மே 6, திங்கள்

பட்டாளத்திலிருந்து உறை வந்தது. இங்கிலீஷ். பங்குச் சாமியார்தான் படித்தார், அவர் அறையில், நாங்கள் மூன்று பேரும் நிற்க. 1943 மார்ச்சு, மலேயாவில் ஒரு முகாமில், வயிற்றுக்கடுப்பு. புதைத்த இடம் தெரியாது.

ஒரு வருஷத்துக்கு மேலாக, காலையில் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி நான் ரயிலிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தது செத்துப்போனவனை.

லீலா அழவில்லை. "சாமி, இதுல ஆளு மாறிப்போச்சு. நாப்பத்தி மூணுல செத்தவர நாப்பத்தஞ்சுல எப்படிப் பாத்திருப்பாங்க? மாமாவக் கேளுங்க."

சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். "யார் பார்த்தது, சவரியாரே?"

"ஒரு தஞ்சாவூர்ப் பையன், சாமி."

"பேர்?"

எல்லோரும் என் வாயைப் பார்க்கிறார்கள். அந்தோணி என்றேன். அந்தோணி! இந்த ஜில்லாவில் அந்தோணிக்கா பஞ்சம்?

வீட்டுக்கு வந்ததும் லீலா பட்டாளத்துக்கு மூன்று பக்கம் கடிதம் எழுதினாள். தஞ்சாவூர் அந்தோணி, நெற்றியில் வெட்டுத் தழும்பு, கையில் வெள்ளி வளையம், அவரைக் கண்டுபிடித்து விசாரிக்கவும் என்று. என்னிடம் கொடுத்துத் தபாலில் சேர்க்கச் சொன்னாள்.

சேர்த்தேன். கிழித்துப் போடக்கூட எனக்குத் தைரியமில்லை.

1946 மே 19

ஆன்ம இளைப்பாற்றிப் பூசை வைக்கலாம் என்று சாமியார் சொல்லியனுப்பினார். "உசிரோட இருக்கறவருக்கு வைக்கப்படாது சாமி" என்று லீலா பதில் சொல்லியனுப்பினாள். தாலி கழுத்தில்தான் இருக்கிறது. நாலு மணி ரயிலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். ஸ்டேஷனில் போர்ட்டர்கள் இப்போது அவளைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்களாம். கண்ணையன் சொன்னான்.

அவன் வேறொன்றும் சொன்னான். "கண்டக்டரே, அன்னிக்கு வண்டியில சிப்பாய் யாரும் ஏறலியே. நான் வெளியில சொல்லலை."

1946 ஜூன் 2

இன்று: பொய் இல்லை. ஒரு வார்த்தையும் பேசவில்லை, அதனால்.

அற்புதம் சொன்னாள்: "டிரெய்னிங்குக்குப் பேரு குடுக்க இன்னும் பத்து நாளுதான் இருக்கு. நீங்க கட்டுனத நீங்களே அவுத்து வுடுங்க. நான் அவுத்தா அது வேற."

சரி என்றேன்.

எத்தனை நாளாக வார்த்தைகளை அடுக்கிப் பார்க்கிறேன்! காலையில் கரி பிடிக்கிற நேரத்தில் இப்போது ஸ்டேஷனைப் பார்ப்பதில்லை. லீலாவின் முகத்தைப் பார்க்கிறேன். நான் சொல்கிறேன், அவள் கேட்கிறாள், மன்னிக்கிறாள். ஒவ்வொரு நாளும் சொல்லிவிட்டாற்போலவே மனசு லேசாகிவிடுகிறது. பிறகு வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறேன்.

1946 ஜூன் 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

பூசை முடிந்து வந்ததும் அவளை எதிரே உட்காரவைத்தேன். "லீலா, சிப்பாய் யாரும் வரல. நீ சோறு திங்கணும்னு நான் கட்டின கதை அது. தப்பு என்னுது" என்றேன், ஆண்பிள்ளையாக, நேருக்கு நேராக. அவள் என் கையைப் பிடித்து, "என் நல்லதுக்குத்தானே மாமா செஞ்சீங்க" என்றாள். அற்புதம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது. நல்லபடியாக முடிந்தது.

1946 ஜூன் 11

லீலா தாலியைக் கழற்றி மாதா பீடத்தில் வைத்துவிட்டாள். அரிசிப் பானைக்கு அடியிலிருந்த கடிதத்தை எடுத்து, வருகிறேன் என்று பதில் எழுதினாள். கடிதத்தை அவளே தபாலில் சேர்த்தாள்.

1946 ஜூன் 24, திங்கள்

திருச்சி ரயில். அற்புதம் அவள் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள். நான் பெட்டியை ஏற்றினேன். எனக்கும் நெற்றியைக் காட்டுவாள் என்று பெருவிரலைத் தயாராக வைத்திருந்தேன். வண்டி கிளம்பிவிட்டது. நேரம் இல்லை, அவ்வளவுதான். ரயில்வேக்காரன் எப்போதுமே அவசரக்காரன்.

1946 ஆகஸ்ட் 3

லீலாவிடமிருந்து அற்புதத்துக்குக் கடிதம். சின்னப் பிள்ளைகளுக்கு மண்ணில் எழுத்துச் சொல்லித் தருகிறாளாம். தூக்கம் வருகிறதாம். கடைசியில், "மாமாவை முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்லவும்."

அற்புதத்திடம் அந்த வரியை நாலு தரம் படிக்கச் சொன்னேன்.

1946 நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். லீலா இரண்டு நாள் லீவில் வந்திருந்தாள். பூசையில் மரித்தவர்களின் பட்டியலைச் சாமியார் வாசித்தார். ஞானமுத்து பெயர் பதினேழாவதாக வந்தது. அவள் தலை குனியவில்லை, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊரில் கல்லறை இல்லாதவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்து நடுவிலுள்ள பெரிய சிலுவையடியில்தான் மெழுகுவத்தி. அங்கே அவள் தனியாக நின்றாள். அற்புதம் என் முதுகில் ஒரு விரலை வைத்துத் தள்ளினாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவ்வளவு லேசாக அவள் என்னைத் தொட்டதில்லை.

கிட்டே போனேன். அடுக்கி வைத்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. "லீலா, அந்தச் சிப்பாய்... நான்தாம்மா" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவள் மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டே, "ஒம்பது மாசம் ஸ்டேஷன்ல நின்னேன் மாமா" என்றாள்.

காற்றில் திரி அணைந்தது. தீப்பெட்டி கேட்டாள். கொடுத்தேன். இரண்டு குச்சி வீணாகி மூன்றாவதில் பிடித்தது. நான் கையைக் குவித்துக் காற்றுக்கு மறைத்தேன். போகச் சொல்லவில்லை. அதனால் நின்றேன்.

இந்த நோட்டில் ஒன்றைத் திருத்தவேண்டும். ஜூன் ஒன்பதாம் தேதி நான் அவளிடம் சொல்லவில்லை. அற்புதம்தான் சொன்னாள். நான் அன்று பூசைக்கும் போகவில்லை. கரி பிடித்து அரைமணி ஆகியும் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன், கண்ணையன் வந்து கையைப் பிடித்து நிறுத்துகிற வரைக்கும். சொல்லிவிட்டதாக எழுதினால் சொன்னதாகிவிடும் என்று நினைத்தேன். "என் நல்லதுக்குத்தானே மாமா" என்று அவள் சொன்னதாக எழுதியிருக்கிறேனே, அதை அவள் அன்றைக்கும் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை.