மூன்றாம் இலக்க ஹெட்போன்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் ஒன்றே கால் மணித்தியாலம். இரண்டு இடத்தில் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள்.

ஸ்டூடியோவில் சிவா அண்ணை மேசையில் நாலு பெட்டிகளோடு காத்திருந்தார். அவருடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஹெட்போன்கள். நாலும் காதை முழுதாக மூடும் வகை. எங்களிடம் உள்ள பழையதுகளின் உறை உரிந்து, பாட வருகிறவர்களின் தலையில் கறுப்புத் தூள் கொட்டுகிறது. நாலில் இரண்டை வைத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்த வியாழன் மச்சானிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். தெரிவு என் பொறுப்பு.

"ஒண்டு பாடுறவைக்கு. மற்றது எனக்கு, வீட்டில பாட்டுக் கேக்க. பேரைப் பாத்து மயங்காதேயும் வாசுகி. காதால சொல்லும்," என்றார்.

பெயர்களின் மேல் பிளாஸ்டர் ஒட்டி 1, 2, 3, 4 என்று எழுதினேன். இங்கே ஒலிப்பதிவுக்கு இருந்து ஏழு வருடம். என் காதை நம்பி ஒரு பொருளைத் தெரிவு செய்யச் சொன்னது இதுதான் முதல் தடவை. சந்தோஷம். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மாமியின் கண் மருந்து வாங்க மறந்துபோனேன்.

மார்ச் 5, வியாழன்

சவர்க்கார விளம்பரம் பாட ஜெயந்தி வந்தாள். நாலையும் அவள் தலையில் மாட்டிப் பார்த்தேன். கடற்கரை றெயில் போகும் நேரங்களில் நிறுத்தி நிறுத்தி, முழுக் காலையும் போனது.

இல. 1 – மெத்தென்று இருக்கிறது. ஆனால் சத்தம் கசிகிறது. தாளத்துக்குப் போட்ட டிக் டிக் மைக்கில் விழுகிறது. பாடகருக்கு உதவாது.

இல. 2 – அடிச்சத்தம் குவிகிறது. மிருதங்கத்தின் இடது பக்கம் பானையைத் தட்டுவதுபோல. வேண்டாம்.

இல. 3 – இறுக்கம். கண்ணாடி போட்டவர்களுக்கு நோகும். அரை மணியில் காது வியர்த்துவிடும். ஆனால் கசிவே இல்லை. ஜெயந்தி மூச்சு இழுக்க முதல் உதடு பிரிவதுகூடக் கேட்கிறது.

இல. 4 – பாரமில்லை. துல்லியத்தில் 3க்கு அடுத்தபடி. வயர் கட்டை.

சிவா அண்ணை: "வீட்டையும் கொண்டுபோய்க் கேளும். ஸ்டூடியோவில கேக்கிற காது வேற, வீட்டில கேக்கிற காது வேற."

மார்ச் 6, வெள்ளி

பையில் நாலு ஹெட்போன். கோட்டைப் பக்கம் சோதனைச்சாவடியில் ஒரு ஆமிக்காரன் வயரைத் தூக்கிப் பிடித்து, "மேவா மொனவாத?" – இதெல்லாம் என்ன – என்றான். ஹெட்போன் என்று சிங்களத்தில் விளக்கினேன். ஒன்றைத் தன் காதில் வைத்துப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை என்றதும் சிரித்துவிட்டுத் தந்தான். பஸ் போய்விட்டது. மூன்று தரிப்பிடம் நடந்தேன்.

வீட்டில் மாமி பிட்டு அவித்து வைத்திருந்தா. என் கணவர் குகனின் அம்மா. யாழ்ப்பாணத்தில் வீடு வாசலை விட்டு வெளிக்கிட்டு வந்து என்னோடு இரண்டு வருடத்துக்கு மேல். சிங்களம் ஒரு சொல் தெரியாது. கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவு, ஆஸ்பத்திரி, சந்தை எல்லாவற்றுக்கும் நான்தான். குகன் ரொறொன்ரோ போய் ஐந்து வருடம். நாங்கள் சேர்ந்து இருந்தது பதினாலு மாதம். என்னை அங்கே கூப்பிடும் பேப்பர் "இந்தா சரிவரும்" என்று ஒவ்வொரு கசெற்றிலும் சொல்கிறார். கடிதம் எழுதப் பஞ்சி, கசெற்றில்தான் கதைத்து அனுப்புவார்.

மார்ச் 7, சனி

அரைநாள் வேலை. பிற்பகல் மாமி படுத்துவிட்டா.

வீட்டில் எதைப் போட்டுக் கேட்பது? நன்றாகத் தெரிந்த குரல் ஒன்றைப் போட்டால்தான் எந்த ஹெட்போன் எங்கே பொய் சொல்கிறது என்று பிடிக்கலாம். எனக்கு அதிகம் தெரிந்த குரல் குகனுடையது. போன வாரம் வந்த கசெற்றைப் போட்டேன். ரேடியோவில் நானும் மாமியும் மூன்று தரம் கேட்டதுதான்.

இல. 1இல் குரல் இனிமை. இல. 2இல் சளி பிடித்தவர்போல.

இல. 3. "இஞ்ச சரியான பனி வாசு, கதவைத் திறக்கேலாது" என்கிறார். பிறகு சின்ன இடைவெளி. அந்த இடைவெளிக்குள், தூரத்தில், ஒரு பிள்ளை. "அப்பா, சப்பாத்து." ஒரு பெண் குரல், தாழ்ந்து: "ஸ்… அப்பா கதைக்கிறார். இஞ்சால வா." உடனே ஒரு க்ளிக். பதிவை நிறுத்தித் திரும்பத் தொடங்கிய இடம். நாளுக்கு இருபது தரம் நானே செய்கிற வேலை, அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

பதினொரு தரம் கேட்டேன்.

இல. 4இல் இருக்கிறது. 1இல் இல்லை. 2இல் இல்லை. ரேடியோவின் ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தும் இல்லை.

இரவுக்குச் சோறு வைத்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

கோயிலுக்கு மாமி மட்டும் போனா. எனக்குத் தலையிடி என்றேன்.

பழைய கசெற் எல்லாவற்றையும் இல. 3இல் கேட்டேன். போன தீபாவளிக்கு வந்ததில் ஒரு பிள்ளை அழுகிறது. அது ரேடியோவிலேயே கேட்டதுதான். அப்போது அவரே சொன்னார், "பக்கத்து வீட்டுப் பிள்ளை, சுவர் மெல்லிசு" என்று. நான் பாவம் என்று நினைத்தேன், நித்திரை கொள்ள விடாதே என்று. பதில் கசெற்றில் காதுக்குப் பஞ்சு வைக்கச் சொன்னேன்.

அதற்கு முந்தியதில் பாத்திரம் கழுவும் சத்தமும் ஒரு வளையலும். அவர் கதைத்துக்கொண்டிருக்கும்போதே.

மார்ச் 9, திங்கள்

வேலைக்குப் போகவில்லை.

மாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. பக்கத்தில் இருந்து கேட்டேன். "மாமி, இவருக்கு அங்க பிள்ளை இருக்கே?"

என்ன பிள்ளை, என்ன விசர்க்கதை என்று கேட்பா என்று நினைத்தேன். கேட்கவில்லை. கீரைத்தண்டைக் கையில் பிடித்தபடி, "ஆர் சொன்னது?" என்றா.

"எவ்வளவு காலமாத் தெரியும்?"

"நான் வந்து கொஞ்ச நாளில. ஹெந்தளையில இருக்கிற என்ர தம்பிக்குத்தான் கடிதம் போடுவான், தம்பி எனக்கு வாசிச்சுக் காட்டுவான்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னா நீ போயிடுவாய். பிறகு என்னை ஆர் பொலிஸில கூட்டிக்கொண்டுபோய்ப் பதியிறது? தம்பி வீட்டில ஒரு அறை, அஞ்சு சீவன். நான் எங்க பிள்ளை போவன்?"

இரண்டு வருடம். நான் விரதம் பிடித்தது, விசா கிடைக்க அர்ச்சனை செய்தது, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் நின்று கை கூப்பினா.

போன மாதம் எனக்குக் குளிர் தாங்காது என்று கம்பளி பின்னத் தொடங்கியதும் அவதான்.

மார்ச் 10, செவ்வாய்

ரொறொன்ரோவுக்குப் போன் எடுக்கப் போனேன். கொம்யூனிகேஷன் சென்ரரில் வரிசை. எனக்கு முன்னால் ஒரு அம்மா, "சாப்பிட்டியா, சாப்பிட்டியா" என்பதையே திருப்பித் திருப்பிக் கேட்டா.

எடுத்தது அவர்தான். "என்ன வாசு, அம்மாக்கு ஏதுமோ?"

"பிள்ளைக்கு எத்தினை வயது?"

"ரெண்டரை."

"ஆணோ, பெண்ணோ?"

"பெண். வாசு, நான் உம்மை நோகடிக்கக் கூடாதெண்டுதான்… அம்மாவையும் நீர்தான் பாக்கிறீர், அதால எப்பிடிச் சொல்லுறது…"

அதால. அந்தச் சொல் போதும். வைத்துவிட்டேன். அழவில்லை. வெளியே வந்து, ரோட்டைக் கடக்காமல் கன நேரம் நின்றேன்.

மார்ச் 11, புதன்

சிவா அண்ணையிடம் என் குறிப்பைக் கொடுத்து முடிவு சொன்னேன். ஸ்டூடியோவுக்கு 3. வீட்டுக்கு 1. 

"வீட்டுக்கு ஏன் 1? 4 எல்லோ துல்லியம் எண்டு எழுதியிருக்கிறீர்?"

"வீட்டில எல்லாம் கேக்கத் தேவையில்லை அண்ணை."

அவர் என் முகத்தைப் பார்த்தார். தேத்தண்ணி போட்டுத் தந்தார். குடித்து முடிய எல்லாவற்றையும் சொன்னேன். "ஹெட்போன் நாலுக்கும் அவசரமில்லை, நாளைக்கு வரேக்க கொண்டுவாரும்," என்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் சொன்னது. நல்ல மனிதர்.

ஜெயந்தியின் வீட்டில், ஹெவ்லொக் டவுனில், ஒரு அறை காலியாம். ஒரு ஆளுக்கு மட்டும்தானாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மாமிக்கு இந்தக் கிழமை கண் கிளினிக். பொலிஸ் பதிவு புதுப்பிக்கவும் வேண்டும். எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்த மனுசியைத் தனியே விட மனம் வரவில்லை.

மார்ச் 12, வியாழன்

வேலைக்கு வெளிக்கிடும்போது மாமி அறை வாசலில் வந்து நின்றா. மூன்று நாளாக இருவரும் கதைக்கவில்லை.

"பிள்ளை, அந்தச் சத்தம்… எனக்கும் ஒருக்காக் கேக்கலாமே?"

பேத்தியின் படம்கூட அவ பார்த்ததில்லையாம். அனுப்பினால் என் கண்ணில் படும் என்று மகன் அனுப்பவில்லையாம்.

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். கதிரையில் இருத்தினேன். கொண்டையைத் தளர்த்தி, 3ஐ மாட்டி, அந்த இடத்துக்குச் சுற்றிவிட்டேன்.

மாமி கண்ணை மூடிக்கொண்டா. முகம் மாறியது. காது மூடியிருந்ததால் தன் சத்தம் அவவுக்குத் தெரியவில்லை. அயல்வீட்டுக்கும் கேட்கும்படி, "அச்சொட்டா அவன்ர குரல். சின்னனில இப்பிடித்தான் இழுத்து இழுத்துக் கூப்பிடுவான்," என்றா. சிரித்தா. என்னோடு இருந்த காலத்தில் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை. கையை நீட்டி என் கையைப் பிடித்து, "இன்னொருக்கா விடு பிள்ளை," என்றா.

இன்னொருக்கா விட்டேன். கழற்றினேன். வயரைச் சுற்றிப் பெட்டியில் வைத்தேன்.

கசெற்றை அவவின் மடியில் விட்டுவிட்டு வந்தேன். ஸ்டூடியோவிலிருந்து ஹெந்தளைக்குப் போன் எடுத்தேன். மாமியின் தம்பிதான் எடுத்தார். சனிக்கிழமை வந்து அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கோ, பதிவுக் கடதாசி எல்லாம் தயாராக வைக்கிறேன் என்றேன். "இடமில்லைப் பிள்ளை" என்று தொடங்கினார். வைத்துவிட்டேன்.

ஜெயந்தியிடம் ஓம் என்று சொன்னேன். ஒரு ஆளுக்கு.