சன்னலை ஏற்றிவிட்டு ஓட்டிய ஒன்பது நாள்

அன்புள்ள மகனுக்கு,

இங்கே அப்பா, நான், உன் தங்கை மூன்று பேரும் சுகம். நீயும் மருமகளும் குட்டியும் அங்கே அப்படியே இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் ஆரம்பிக்கிறேன். என் வலது கையில் இரண்டு விரல் வெந்து கட்டுப் போட்டிருக்கிறது, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். (அண்ணா, அம்மா சொல்லாததையும் நடுவில் சேர்ப்பேன். அதுதான் என் கூலி.) போன வாரம் போனில், காரின் சைலன்சரைக் கழற்றிப் போட்டுவிட்டேன், சிங்கம் மாதிரி உறுமுகிறது, இதனால் எஞ்சின் கெடுமா என்று கேட்டாய். நம் பயிற்சிக் காரிலும் புகைக்குழாய் எஞ்சினுக்குக் கீழேயே உடைந்துதான் ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லை என்று நான் பெரிய மேதாவி மாதிரி சொல்லிவிட்டேன். அந்தப் பேச்சை வாபஸ் வாங்கத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் உன் கார் சத்தத்தில் உனக்கு எங்கே கேட்கப் போகிறது.

பதினெட்டு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன், என் வாய்தான் எனக்கு முதல். குழாய் உடைந்ததும் பக்கத்தில் ஓட்டுகிறவருக்கு நான் சொல்வது காதில் விழவில்லை. பிரேக் என்றால் என்ன மேடம் என்கிறார்கள், அதற்குள் குப்பைத்தொட்டி உருண்டுவிடுகிறது. அதனால் நாலு சன்னலையும் ஏற்றிவிட்டேன். சத்தம் பாதியானது, என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். புதுக் குழாய் வரப் பத்து நாள் ஆகும் என்றார் மெக்கானிக், ஒன்பது நாள் அப்படியே ஓடியது. (தெருவே காதைப் பொத்திக்கொண்டது. எனக்கு மட்டும் பொற்காலம். அம்மா மூன்று தெரு தள்ளி வரும்போதே தெரிந்துவிடும், டிவியை அணைத்துப் புத்தகத்தை விரித்து வைத்துவிடுவேன்.) மூன்றாம் நாளிலிருந்து எனக்குத் தலைவலி. இவர்கள் ஓட்டுகிற லட்சணத்துக்குத் தலை வலிக்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். ஒரு பல் டாக்டரம்மா கற்றுக்கொள்ள வருகிறாள், அவளும் தலை வலிக்கிறது என்றாள், கிளட்சை அந்த மிதி மிதித்தால் வலிக்கத்தான் செய்யும் என்று திட்டினேன், பாவம். ஒன்பதாம் நாள் சிக்னலில் பச்சை விழுந்தும் கார் நகரவில்லை. திரும்பிப் பார்த்தால் அவள் தலை ஸ்டியரிங் மேல் சாய்ந்து கிடக்கிறது. எனக்கும் காலைத் தூக்க முடியவில்லை. எப்படியோ என் பக்கக் கதவைத் திறந்தேன், பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த ஆள்தான் ஓடிவந்து இரண்டு பேரையும் வெளியே இழுத்துப்போட்டார். ஆஸ்பத்திரிக்கு உன் அப்பா வேலையிடத்திலிருந்து நேராக ஓடிவந்தார். மூடிய காருக்குள் புகுந்த புகையைச் சுவாசித்ததால் வந்த மயக்கம் என்று ஆக்சிஜன் வைத்தார்கள், இருட்டியதும் அனுப்பிவிட்டார்கள். இரண்டு பேரும் இப்போது நன்றாக இருக்கிறோம், பயப்படாதே.

மறுநாள் மெக்கானிக் காரை ஓட்டிப் பார்த்தார். நானும் உன்னை மாதிரியே எஞ்சின் போச்சா என்றுதான் முதலில் கேட்டேன். எஞ்சின் நல்லாத்தான் இருக்கு, பக்கத்துல போற ஒயர்தான் சூட்டில் உருகிக் கிடக்கு, இப்படியே ஓட்டினா எஞ்சினும் ஒரு நாள் மக்கர் பண்ணலாம், அது கெட்டா மாத்திக்கலாம், உங்க தலைக்கு ஸ்பேர் எந்தக் கடையில வாங்குவீங்க என்றார். வாயை அடைத்துவிட்டாரே என்று, எங்கே உடைந்தது, இங்கேயா என்று விரலை வைத்துக் காட்டினேன். குழாய் ஆறவில்லை. விரல் வெந்த கதை அவ்வளவுதான்.

இப்போது உன் காருக்கு வருகிறேன். உனக்கும் புகை பின்பக்கம் போகாமல் சீட்டுக்கு அடியிலேயே வருகிறது. அங்கே குளிர், சன்னலை நீ இறக்கவே மாட்டாய். இத்தனை சத்தத்திலும் குட்டி பின்சீட்டில் எப்படித் தூங்குகிறாள் பாரம்மா என்று பெருமையாகச் சொன்னாய். அந்தத் தூக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. சைலன்சரை மாட்டும்வரை அவளைப் பஸ்ஸில் கூட்டிப்போ. மாட்டியதும் காருக்கு அடியில் படுத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, கூலிங் கிளாஸ் போட்டு பானட்டில் சாய்ந்த போட்டோ வேண்டாம்.

மூன்று பேரும் நிறைய வருஷம் நல்ல காற்றைச் சுவாசித்து நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
இடது கையால் கையெழுத்துப் போடும் அம்மா

(அண்ணா, இது விளையாட்டில்லை. அன்றைக்கு இருட்டும்வரை கார் சத்தமே வரவில்லை. நான் பாட்டுக்கு டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். மாட்டிவிடு.)