தொட்டில் ஸ்பிரிங் மெதுவான நாள்

என் தேனுவுக்கு,

நீ அத்தையாகிவிட்டாய். உன் அண்ணன் மகள் மாதம் நிறையும் முன்பே பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் பிறந்துவிட்டாள். மூக்கு அப்படியே உன்னுடையது.

அரியலூர் காலேஜ் லேபில் என் ஜோடியாக இருந்தவள் நீ. உன் அண்ணனுக்கு என்னைப் பேசி முடித்துவிட்டு, "இனிமே உன்னைய அண்ணின்னு கூப்பிடணுமாடி?" என்று சிரித்தாய். அந்தக் காய்ச்சல் வராமல் இருந்திருந்தால், பிள்ளையைத் தொட்டிலில் போட்ட அன்று நீதானே முன்னால் நின்றிருப்பாய்? உன் பெயரைச் சொல்லி உன் அம்மாவே கொலுசு போட்டார்.

எனக்கு அம்மா இல்லையே, அரும்பாவூர் வீட்டில் உன் அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். ஆனால் பிள்ளை எடை ஏறவே இல்லை. "அடுத்த வாரமும் இப்படியே இருந்தா திரும்ப அட்மிட் பண்ணணும்" என்றார் டாக்டர். எடை மெஷின் வாங்கலாம் என்றேன். உன் அம்மா ஒப்பவில்லை.

"பச்சப்புள்ளைய தெனமும் எடை போட்டா கண்ணு பட்டுரும். வேணாம்மா."

தொட்டிலை ஸ்பிரிங்கில் கட்டியிருந்தோம். ஒரு மதியம் அது மேலும் கீழுமாகத் துள்ளுவதைப் பார்த்தபோது நம் லேப் ஞாபகம் வந்தது. ஸ்பிரிங்கில் எடைக்கல் கூடக்கூட, ஒருமுறை போய்வர அதிக நேரமாகும் அல்லவா? போனில் இருபது துள்ளலுக்கு நேரம் பார்த்தேன். மறுநாளும் அதே நேரம்தான். மறுபடியும் எண்ணிப் பார்த்தேன்.

உன் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். "நான் வேணா நல்லா இழுத்து வுடவா?"

"எவ்வளவு இழுத்தாலும் நேரம் மாறாதுங்க. புள்ள கனத்தாதான் மாறும்."

அதற்கும் இரண்டொரு நாள் கழித்து நேரம் சற்று நீண்டது. துணி ஈரமாகிக் கனக்கிறதோ என்று தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் நீண்டது. வெளியே சொல்லப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் எடை போட்ட நர்ஸ், "நல்லா ஏறியிருக்கும்மா, அட்மிட் வேணாம்" என்றார். பஸ்ஸில் வரும்போதுதான் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"தேனு இருந்திருந்தா அவளும் இப்படித்தான் எதையாச்சும் செஞ்சிருப்பா" என்று சிரித்தார். நீ போனபின் உன் பெயரைச் சொல்லி அவர் சிரித்தது அன்றுதான்.

இவள் வளர்ந்ததும் மாலை போட்ட படத்தைக் காட்டி, இதுதான் அத்தை என்று நிறுத்திவிட மாட்டேன். நீ என்னோடு போட்ட சண்டைகளையும் சேர்த்தே சொல்வேன்.

உன்னால் இந்த வீட்டுக்கு வந்த
உன் அண்ணி,
சுமதி